பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிய பேஸ்: 1970களின் ஜாஸ் பேஸ் ஒன்றின் கொள்முதல்

கருவி: ஃபென்டர் ஜாஸ் பேஸ், நான்கு தந்தி மின் பேஸ் கிட்டார். சன்பர்ஸ்ட் நிறம், ஈட்டி மர விரற்பலகை, அதில் கட்டம் கட்டமாகச் சிப்பி நிறப் பதிப்பு, ஓரத்தில் வெள்ளைப் பைண்டிங், மூன்று ஸ்க்ரூவில் நிற்கும் கழுத்து. விற்பவர் சொன்ன ஆண்டு 1976, கேட்ட விலை 5,800 சிங்கப்பூர் வெள்ளி. விற்பவர் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற மேடைக் கலைஞர். வாங்குபவர் தீபாவளிக் கலைநிகழ்ச்சிகளிலும் கல்யாண வரவேற்புகளிலும் தமிழ்ப் பாடல்களுக்கு பேஸ் வாசிக்கிறவர், பதினைந்து வருடமாக இந்த மாதிரி ஒன்றுக்குக் காத்திருந்தவர். பல கொள்முதல்களில் திரும்பத் திரும்பக் காணப்படுவதை ஒரே கருவியின்மேல் ஏற்றிச் சொல்லும் மாதிரி நிகழ்வு இது. அதனால் பெயர்கள் இல்லை. விலைகளையும் கணக்கின் போக்கு தெரிவதற்காக என்று எடுத்துக்கொள்ளவும்.

காத்திருந்த வருடங்களே வாங்குபவருக்கு முதல் எதிரி. ஆசை முற்றியவன் கண்ணுக்குப் புதிய சாலிடர்கூடப் பழையதாகத் தெரியும். ஆகவே இந்த ஆய்வு ஒரே கேள்வியைச் சுற்றி நடக்கிறது: 5,800 வெள்ளியில் எவ்வளவு கருவிக்கு, எவ்வளவு கதைக்கு?

ஏன் இந்தக் காலத்துக் கருவி

ஜாஸ் பேஸ் 1960இல் வந்தது. அதற்கு முந்தைய பிரிசிஷன் பேஸ் 1951இல். 1965 தொடக்கத்தில் ஃபென்டர் நிறுவனம் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் கைக்குப் போனது. சேகரிப்பவர்கள் அந்த ஆண்டை ஒரு கோடாகக் கிழித்து, முன்னால் இருப்பதற்கு ஒரு விலை, பின்னால் இருப்பதற்கு ஒரு விலை என்று வைத்துவிட்டார்கள். 1970களின் ஜாஸ் பேஸ் நெடுநாள் அந்தக் கோட்டின் தவறான பக்கத்தில் மலிவாகவே கிடந்தது. அமெரிக்க பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் தம் 1977 ஜாஸ் பேஸில் கட்டைவிரலால் தட்டி வாசித்த ஓசை உலகம் முழுக்கப் பரவியதில் இந்தக் காலத்துக் கருவிக்கும் தேவை கூடியது.

ஓசை வேறுபாட்டுக்கு ஒரு காரணத்தை அளவுகோல் வைத்தே பார்த்துவிடலாம். 1960களின் ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகளின் (தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்கள்) மையங்களுக்கு இடையே சுமார் 91 மி.மீ. 1970களின் தொடக்கத்தில் பின் பிக்கப்பைப் பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் உலோகப் பகுதி) பக்கம் நகர்த்தினார்கள். இடைவெளி சுமார் 102 மி.மீ. ஆனது. பிரிட்ஜுக்கு நெருங்க நெருங்கத் தந்தியின் அசைவு குறைவு, அடி ஓசை மெலிந்து மேல் ஓசை முன்னே வரும். இந்த அளவு போலியைப் பிடிக்கவும் உதவும். 1970களின் கருவி என்று சொல்லி 91 மி.மீ. இருந்தால், உடல் வேறு எங்கிருந்தோ வந்திருக்கலாம். இந்தக் கருவியில் 102.

படங்களில் தெரிந்தது

நேரில் போவதற்கு முன் வாங்குபவர் ஆறு படங்கள் கேட்டார்: ஹெட்ஸ்டாக்கின் (கழுத்து முனையில் உள்ள தலைப்பகுதி) முன், பின், கழுத்துத் தகடு, பிரிட்ஜ், பக்கவாட்டில் கழுத்து, கருவியோடு அன்றைய தேதி எழுதிய தாள். கடைசிப் படம் மிக முக்கியம். இணையத்தில் எடுத்த படத்தை வைத்து "முன்பணம் பேநௌவில் (கைப்பேசிப் பணமாற்றில்) போட்டுவிடுங்கள், இன்னொருவர் கேட்கிறார்" என்று அவசரப்படுத்துகிறவர்களால் அதைத் தர முடியாது. பார்க்காத கருவிக்கு ஒரு வெள்ளிகூட முன்பணம் வேண்டாம்.

வரிசை எண் ஹெட்ஸ்டாக்கில் எஸ்7 என்று தொடங்கியது. 1976 பிற்பகுதியில்தான் ஃபென்டர் எண்ணைக் கழுத்துத் தகட்டிலிருந்து ஹெட்ஸ்டாக்குக்கு மாற்றியது. எஸ்7 என்பது எழுபதுகளின் ஏழு. ஆனால் அக்காலத்து எண்கள் ஓராண்டு முன்னும் பின்னும் சிதறும். விற்பவர் சொன்ன 1976 இயலாததல்ல, 1977க்குத்தான் வாய்ப்பு அதிகம். வரிசை எண் ஒரு ஸ்டிக்கர் அளவுக்கே சாட்சி சொல்லும். கழுத்து எப்போது பொருத்தப்பட்டது, உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. ஒரு கருவியின் வயதை அதன் உள்ளே இருக்கும் உறுப்புகளில் கடைசியாகப் பிறந்ததை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

படத்தில் தெரிந்த இன்னொரு நல்ல அடையாளம் நிறம். 1960களின் இறுதியிலிருந்து ஃபென்டர் உடலுக்கும் கழுத்துக்கும் தடித்த பாலியெஸ்டர் பூச்சு போட்டது. ஹெட்ஸ்டாக்கின் முகத்தில் மட்டும் பழைய நைட்ரோ லாக்கரையே வைத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டில் லாக்கர் தேன் நிறமாகப் பழுக்கும், பாலியெஸ்டர் அந்த அளவு பழுக்காது. எனவே ஹெட்ஸ்டாக் முகம் கழுத்தின் பின்புறத்தைவிட ஒரு படி மஞ்சளாக இருக்க வேண்டும். இருந்தது. உடலில் சிலந்தி வலை போன்ற மெல்லிய வெடிப்பு இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அது லாக்கரின் குணம். தடித்த பாலியெஸ்டர் அடிபட்டால் கண்ணாடிபோலச் சில்லாகப் பெயரும். இந்தக் கருவியின் கீழ் விளிம்பில் அப்படி இரண்டு சில்லுகள் பெயர்ந்திருந்தன. பெயர்ந்த இடம் விலையைக் குறைக்கும், நம்பிக்கையைக் கூட்டும்.

ஈசூனில் ஒன்றரை மணி நேரம்

கொண்டுபோன பொருள்கள்: இரண்டாம் எண் பிலிப்ஸ் திருப்புளி, அங்குல அளவு ஆலன் சாவித் தொகுதி, டிஜிட்டல் மல்டிமீட்டர், கிட்டார் கேபிள், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஓர் இரும்பு நேர்ச்சட்டம், பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு, கைவிளக்கு, திசைகாட்டி, சின்ன ஆம்ப். மில்லிமீட்டர் ஆலன் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. கிட்டத்தட்டப் பொருந்துவதுதான் ஆபத்து. ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) முனையை உள்ளே மழுக்கிவிட்டால் அந்த நிமிடமே கருவியை நீங்கள் வாங்கியாக வேண்டியிருக்கும்.

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். பேஸ் வாங்கப் போகிறவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும். நான்கு தந்திகளும் சேர்ந்து எண்பது கிலோவை ஒட்டிய விசையோடு அந்தக் கழுத்தை ஐம்பது ஆண்டு இழுத்திருக்கின்றன. பிக்கப்பை மாற்றலாம், பிரிட்ஜை மாற்றலாம், பெயின்டை மறந்துவிடலாம். முறுக்கிக்கொண்ட கழுத்துக்குச் செலவழித்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் கழுத்து வளைவு. கருவியைச் சரியான சுருதிக்கு ஏற்றி, வாசிக்கும் நிலையில் பிடித்து, தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் (விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கடைசியான இருபதாவது ஃப்ரெட்டிலும் அழுத்தினார். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.35 மி.மீ. இருந்தால் போதும். இங்கே 0.6. அதாவது கழுத்து முன்னால் கொஞ்சம் குழிந்திருக்கிறது. இது குறையே அல்ல, ட்ரஸ் ராடில் இன்னும் இடம் இருந்தால். ஹெட்ஸ்டாக்கில் தோட்டா வடிவில் துருத்தி நிற்கும் நட்டை எட்டில் ஒரு சுற்று மட்டும், விற்பவரின் சம்மதத்தோடு, இறுக்கினார். இலேசாகத் திரும்பியது, இடைவெளி 0.5 ஆனது. ராட் உயிரோடு இருக்கிறது. நட் ஏற்கெனவே அடிவரை இறுகியிருந்து வளைவும் மிச்சமிருந்தால், அங்கேயே கைகூப்பிவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது கழுத்தின் கடைக்கோடி. பழைய பேஸ்களில் பதினாறாவது ஃப்ரெட்டுக்கு மேல், உடலோடு சேரும் இடத்தில், விரற்பலகை மேல்நோக்கி எழும்பி நிற்பது உண்டு. ட்ரஸ் ராடின் பிடி அங்கே எட்டுவதில்லை. நேர்ச்சட்டத்தைக் கடைசி ஐந்து ஃப்ரெட்டின் மேல் வைத்தால் ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். ஆடியது, கொஞ்சம், பதினெட்டாவது ஃப்ரெட்டில். ஃப்ரெட்டுகளைச் சமன்செய்து தீர்க்கக்கூடிய அளவு. ஃப்ரெட் உயரம் நடுப்பகுதியில் 0.7 மி.மீ. மிச்சம். 0.5க்குக் கீழே போனால் புதிதாக அடிக்க வேண்டும். பைண்டிங் உள்ள கழுத்தில் அது இரட்டை வேலை: ஒவ்வொரு ஃப்ரெட்டின் அடிப்பல்லையும் இரு முனையிலும் வெட்டி, தலையை மட்டும் பைண்டிங்கின்மேல் படிய வைக்க வேண்டும். கைக்கூலி அதற்கேற்ப ஏறும்.

மூன்றாவது சோதனை இந்தக் கால ஜாஸ் பேஸுக்கே உரியது. மூன்று ஸ்க்ரூவில் இரண்டுதான் மரத்தில் ஏறுபவை. மூன்றாவது, கழுத்துக்குள் பதித்த உலோகத்தில் ஏறும் போல்ட். தகட்டின் ஓட்டை வழியே ஆலன் சாவி விட்டுக் கழுத்தின் சாய்வை மாற்ற ஒரு திருகும் உண்டு. ஏற்பாடு மோசமில்லை. கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் உடலில் கழுத்துக்காகக் குடைந்த பள்ளம் பல கருவிகளில் தாராளமாக இருந்ததுதான். அப்படிப்பட்டதில் கழுத்து பக்கவாட்டில் நகரும், மெல்லிய தந்தி விரற்பலகை விளிம்பிலிருந்து வழுக்கி விழும். ஹெட்ஸ்டாக்கை ஒரு கையால் பிடித்து மெல்லத் தள்ளினார். 'டிக்' சத்தம் இல்லை. இருபதாவது ஃப்ரெட்டில் இரு ஓரத் தந்திகளும் விளிம்பிலிருந்து ஏறக்குறைய சம தூரம். பள்ளத்தில் ஒரு பக்கம் மட்டும் விசிட்டிங் கார்டு நுழைந்தது. 1970களுக்கு அது நல்ல மதிப்பெண்.

எடை 4.7 கிலோ. ஆஷ் மரத்தில் ஐந்து கிலோவைத் தாண்டியவையும் உண்டு. மூன்று மணி நேர மேடையில் அந்த 300 கிராம் தோளுக்குத் தெரியும்.

மீட்டர் சொன்ன பொய்

ஆம்பில் மாட்டியபோது எல்லாம் நன்றாகவே ஒலித்தது. எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூர்மை, பின் பிக்கப்பைத் தனியாக வைத்தால் நன்றாகவே தெரிந்தது. பழைய காந்தத்தின் குணம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம், பலர் நகர்ந்துவிடுவார்கள். வாங்குபவர் கேபிளைக் கருவியில் செருகி மறுமுனையின் நுனியிலும் உறையிலும் மல்டிமீட்டரை வைத்தார்.

இதை எந்த மூடியும் திறக்காமல் செய்யலாம், ஆகவே விரிவாகச் சொல்லத் தகும். ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூம், ஒரு டோன். மூன்றும் 250 கிலோ ஓம் பாட், அதாவது குமிழைத் திருப்பினால் மாறும் மின்தடை. இரண்டு வால்யூமையும் முழுக்கக் குறைத்துவிட்டால் பிக்கப்புகள் இரண்டும் ஷார்ட் ஆகிவிடும், மீட்டருக்குத் தெரிவது இணையாக நிற்கும் இரு பாட்கள் மட்டுமே. 250ம் 250ம் இணைந்தால் 125 கிலோ ஓம். டோன் பாட்டுக்கு முன்னால் கெப்பாசிட்டர் நிற்பதால் அது இந்தக் கணக்கில் வராது. பாட்கள் தயாரிப்பிலேயே இருபது விழுக்காடுவரை முன்பின் இருக்கும், ஆதலால் 100இலிருந்து 150வரை எதைக் காட்டினாலும் ஏற்கலாம். மீட்டர் காட்டியது 167. இருபது விழுக்காட்டுச் சலுகை கொடுத்தும் அந்த எண்ணை இரண்டு 250களால் தர முடியாது. 250க்கு இணையாக 500 நின்றால் மிகச் சரியாக 167 வரும். யாரோ ஒரு வால்யூம் பாட்டை மாற்றியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு முன் வால்யூமை மட்டும் முழுக்க ஏற்றினால் 7.2 கிலோ ஓம், பின்னதை மட்டும் ஏற்றினால் 7.45. பாட்கள் இணையாக நின்று இழுப்பதைக் கழித்தால் பிக்கப்புகளின் உண்மை மதிப்பு 7.5, 7.8. இங்கே இன்னொரு திருத்தமும் வேண்டும். ஃபேன் மட்டும் ஓடும் ஈசூன் வீட்டின் வரவேற்பறை அன்று 30 டிகிரி. தாமிரக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 விழுக்காடு ஏறும். புத்தகங்களில் வரும் எண்கள் பொதுவாக 20 டிகிரி அறைக்கானவை. அந்தப் பத்து டிகிரிக்கு ஏறக்குறைய நான்கு விழுக்காட்டைக் கழித்தால் 7.2, 7.5. ஜாஸ் பேஸுக்கு இயல்பான எண்கள். இந்தக் கழித்தலை மறந்துவிட்டு "கூடுதலாகக் காட்டுகிறது, திரும்பச் சுற்றியிருக்கிறார்கள்" என்று நல்ல பிக்கப்பைச் சந்தேகிப்பது நம் ஊர் வெப்பத்தில் எளிதாக நடக்கும் தவறு.

திசைகாட்டியின் வேலை இரண்டு நொடி. ஜாஸ் பேஸின் இரு பிக்கப்புகளும் எதிரெதிர்க் காந்த முனையோடும் எதிரெதிர்ச் சுற்றோடும் செய்யப்பட்டவை. இரண்டையும் முழுக்க ஏற்றினால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். திசைகாட்டி ஒன்றின்மேல் ஒரு பக்கமும் மற்றதன்மேல் மறுபக்கமும் திரும்ப வேண்டும். திரும்பியது. இரண்டையும் ஏற்றும்போது ஓசை மெலிந்து தகர டப்பாபோல ஆனால் ஒரு பிக்கப்பின் வயர் தலைகீழ்.

இப்போது திறந்து பார்க்கக் காரணம் கிடைத்துவிட்டது. இது கொஞ்சம் நாசூக்கான இடம்.

"திறந்துதான் பாக்கணுமா தம்பி? நாப்பது வருசமா நான் தொட்டதில்ல."

"உங்க கண்ணு முன்னாடியே கழட்டி, உங்க கண்ணு முன்னாடியே மாட்டிடுறேன் அண்ணே. ஒரு வால்யூம் பாட் மாத்தியிருக்கு போல, எதுன்னு பாத்துக்குறேன். வாங்கலைன்னாலும் உங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும்ல?"

அந்தக் கடைசி வாக்கியம் பேரத் தந்திரம் அல்ல, உண்மையும்கூட. அடுத்து வருகிறவர் இதைக் கண்டுபிடித்து விற்பவரை ஏமாற்றுக்காரர் என்று நினைப்பதைவிட, அவரே தெரிந்து சொல்வது அவருக்கு நல்லது.

பாட்கள் நிற்கும் உலோகத் தகட்டைத் தூக்கியதும் கதை தெளிந்தது. முன் வால்யூமிலும் டோனிலும் 1377641 என்று பொறித்திருந்தது. 137 என்பது சிடிஎஸ் நிறுவனத்தின் எண், 76 ஆண்டு, 41 வாரம். 304 என்று தொடங்கினால் அது ஸ்டாக்போல். ஆக, 1976 அக்டோபர் வாக்கில் பிறந்த பாட்கள். கருவி அதற்கு முன்னால் கட்டப்பட்டிருக்க முடியாது. அவை கட்டும் மேசைக்கு வந்துசேர ஆகும் வாரங்களையும் எஸ்7 எண்ணையும் சேர்த்தால் 1977. விற்பவர் தம் கருவிக்கு ஒரு வயது கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் சந்தையில் பெயர்பெற்ற ஆண்டைத் தவறவிட்டு. பாட் எண் எப்போதும் கீழ்வரம்பைத்தான் தரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஃபென்டர் 1966இல் வாங்கிக் குவித்த பாட்களைச் சில ஆண்டுகள் வைத்துப் பயன்படுத்தியது பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும்.

பின் வால்யூம் புதியது, மதிப்பு 500. அதன் சாலிடர் பளபளத்தது, மற்றவை மங்கிய சாம்பல். கெப்பாசிட்டர் 0.05 மைக்ரோஃபாரட் பீங்கான் வட்டு, அசல். பிக்கப்புகளின் அடித்தகடு சாம்பல் நிற ஃபைபர், அந்தக் காலத்துக்குப் பொருத்தம். பின் பிக்கப்பின் கூர்மைக்கும் விடை கிடைத்துவிட்டது: 500 பாட் மேல் ஓசையைக் குறைவாகக் கசியவிடும்.

பிக்கார்டை (உடலின் முகத்தை மூடும் பிளாஸ்டிக் தகடு) கழற்றியபோது அடியில் சன்பர்ஸ்டின் சிவப்பு வெளியே இருப்பதைவிட ஆழமாக இருந்தது. வெளிச்சம் படாத இடம் அப்படித்தான் இருக்கும். உடல் முழுக்க ஒரே சிவப்பாக இருந்தால்தான் மறுபூச்சைத் தேட வேண்டும்.

கழுத்தைக் கழற்றவில்லை. கழுத்தடியில் பொறித்த எண்ணைப் பார்க்க ஆசை வரும். ஆனால் பள்ளம் இறுக்கமாக, தந்திகள் நேராக, பாட் எண்கள் ஒத்துப்போகும்போது அந்த ஆசைக்காக மர நூலை இன்னொரு முறை தேய்ப்பது வீண். கழற்றியே ஆக வேண்டிய இடத்தில் மூன்று விதி: முதலில் தந்திகளைத் தளர்த்து, கையால் மட்டும் திருப்பு, மின் திருப்புளி கூடாது, திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் எதிர்ப்பக்கம் சுற்றி, பழைய நூலில் அது 'டக்'கென்று விழுவதை உணர்ந்த பிறகே இறுக்கு. பிக்கார்டு ஸ்க்ரூவுக்கும் இதே விதி.

இன்னொரு கண்டுபிடிப்பு சிறியது, ஆனால் உள்ளூர்த்தனமானது. பிரிட்ஜ் சேடல்களின் (ஒவ்வொரு தந்தியும் ஏறி நிற்கும் சிறு தாங்கிகள்) உயரத் திருகுகளில் மூன்று வியர்வைத் துருவில் இறுகிக் கிடந்தன. அங்கேயே எண்ணெய் விட்டுத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். எண்ணெய் மரத்தில் இறங்கினால் கறை போகாது. சேடலைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் ஓரிரவு ஊறவைத்து, பிறகு முயல வேண்டும்.

விலை

வாங்குபவர் தாளில் எழுதிக் காட்டினார். ஃப்ரெட் சமன்செய்ய 220. பிரிட்ஜ் மூடியும் பிக்கப் மூடியும் இல்லை, 250. அசலல்லாத பாட், கலைந்த சாலிடர், 300. சேடல் திருகுகள் 80. அசல் பெட்டி இல்லை, 150. மொத்தம் 1,000, எனவே 4,800 வெள்ளி. 250 வெள்ளிக்கு இரண்டு உலோக மூடியா என்று சிரிப்பு வரும். வாசிப்பவர்கள் அவற்றைக் கழற்றி எங்கோ போட்டுவிடுவார்கள். அதனாலேயே மிஞ்சியவற்றுக்கு விலை. மாற்றிய பாட் என்பதற்காகக் கழித்த 300 அந்த உறுப்பின் விலையே அல்ல. நல்ல 250 பாட் சில வெள்ளிக்குக் கிடைக்கும். கழிப்பது, அடுத்த முறை இந்தக் கருவி கைமாறும்போது "எல்லாம் அசல்" என்று சொல்லும் உரிமை போய்விட்டதற்காக. ஆண்டு 1977 என்று நிரூபணமானதைச் சொல்லி விற்பவர் 5,000 கேட்டார். அவர் கேட்டது நியாயம். 4,900இல் முடிந்தது. பில்லில் வரிசை எண், பாட் எண்கள், மாற்றப்பட்ட உறுப்பு எல்லாம் எழுதிக் கையொப்பம் வாங்கப்பட்டது.

தனியாரிடம் வாங்கும்போது ஒரு பாதுகாப்பு இல்லை என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள பழுதுப்பொருள் சட்டம் கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறையை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளும். வீட்டில் விற்கும் தனிமனிதருக்கு அது பொருந்தாது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் போன்ற இடத்துக் கடைகளில் அதே கருவிக்குக் கூடுதலாகக் கேட்பதில் ஒரு பகுதி அந்தப் பொறுப்புக்கானது.

தோக்கியோவிலிருந்து வாங்கியிருந்தால்?

வாங்குபவர் இதையும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். ஒச்சனோமிஸு பகுதியில் கிட்டார் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பழைய ஃபென்டர்களை நன்றாகப் பராமரிப்பார்கள். அங்கே இதே நிலையில் ஒன்று 550,000 யென், பத்து விழுக்காடு வரி உட்பட. சுற்றுப்பயணிக்கு வரி நீங்கி 500,000. ஒரு வெள்ளிக்கு 115 யென் என்று வைத்தால் 4,348 வெள்ளி. கையில் எடுத்து வந்தால், 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்த பயணிக்கு 500 வெள்ளிவரை சலுகை. மீதி 3,848க்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி 346. மொத்தம் 4,694, அதற்குமேல் விமானச் சீட்டும் பெரிய பெட்டிக்கான கட்டணமும். விரைவுத் தபாலில் அனுப்பச் சொன்னால் சலுகை கிடையாது. பொருளோடு போக்குவரத்துக் கட்டணமும் சேர்த்து வரி. அதை 250 என்று வைத்தால் 4,598க்கு 414. மொத்தம் 5,012, அதுவும் கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல். இசைக்கருவிக்குத் தனிச் சுங்கத் தீர்வை இல்லை, வரி மட்டும்தான். சாங்கி விமான நிலையத்தில் அறிவிக்காமல் நடந்து வந்துவிடலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள், பிடிபட்டால் அபராதம் கட்டக் கூட வரமாட்டார்கள்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேசில் ரோஸ்வுட் 1992இலிருந்து அருகிவரும் உயிரின வணிக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஃபென்டர் 1960களின் நடுப்பகுதிவரை அதைப் பயன்படுத்தியது. அந்த வயதுக் கருவி எல்லை தாண்ட ஏற்றுமதி நாட்டின் அனுமதியும் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் தேவை. அதற்குப் பிந்தையவற்றில் பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட், அதாவது நம் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்களே, அதேதான். 2017 ஜனவரியில் அதற்கும் கெடுபிடி வந்து, 2019 நவம்பர் 26 முதல் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்துவிட்டது. பலர் இன்னும் 2017ஐ நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார்கள். சில மாதிரிகளில் ஆமை ஓடு போலத் தெரியும் பிக்கார்டு வெறும் பிளாஸ்டிக். சுங்கத்தில் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வேலை 500 பாட்டை எடுத்துவிட்டு 250 வைத்தது. எடுத்த பாட்டையும் ஒரு ஜிப் பையில் போட்டுத் தேதி எழுதிப் பெட்டிக்குள் வைத்தார். அசலாக இல்லாத உறுப்பும் கருவியின் வரலாறுதான். பின் பிக்கப்பின் கூர்மை அடங்கியது. இரு வால்யூமும் பூஜ்யத்தில் மீட்டர் 128 காட்டியது.

ஃப்ரெட் சமன்செய்த பிறகு 45, 65, 85, 105 அளவில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் தடிமன்) நிக்கல் தந்திகள். ட்ரஸ் ராடை ஒரே நாளில் முழுக்கத் திருத்தவில்லை: எட்டில் ஒரு சுற்று, ஒரு நாள் பொறுமை, மீண்டும் அளவு. மூன்று நாளில் 0.35க்கு வந்தது. பதினேழாவது ஃப்ரெட்டில் தடித்த தந்தி 2.8 மி.மீ., மெல்லியது 2.4. இந்தக் கருவியின் விரற்பலகை 184 மி.மீ. ஆரத்தில் நன்றாக வளைந்தது. நவீன பேஸ்களின் தட்டையான பலகைக்கான தாழ்ந்த அளவை இதற்குக் கொண்டுவந்தால் மெல்லிய தந்தியை இழுத்து வாசிக்கும்போது ஓசை அடைபடும்.

பிரச்சினை ஆறாவது வாரத்தில் தலைகாட்டியது. மூன்றாவது ஃப்ரெட்டில் கரகரப்பு, வளைவு 0.15 ஆகக் குறைந்திருந்தது. சிங்கப்பூரில் ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரி 82 விழுக்காட்டை ஒட்டியது. விடியலில் தொண்ணூறைத் தாண்டும், வெயிலில்லாத மழை நாளில் இறங்குவதேயில்லை. ஈரப்பதம் உயர்வாக இருந்தால்கூடக் கழுத்து ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும். அதைக் கெடுப்பது ஊசலாட்டம்தான். கருவி படுக்கையறையில் ஸ்டாண்டில் நின்றது. இரவு எட்டு மணி நேரம் ஏர்கோன், காலையில் ஜன்னல் திறந்தால் வெளிக்காற்று, மாலையில் சமூக மன்ற ஒத்திகை அறை. வாரம் ஒருமுறை ட்ரஸ் ராடைத் திருப்பிக்கொண்டிருப்பது இதற்கு மருந்தல்ல. மழுங்கப்போவது அந்தத் தோட்டா நட்தான்.

தீர்வு மலிவானது. வாசிக்காத நேரமெல்லாம் மூடிய கடினப் பெட்டிக்குள். பெட்டிக்குள் ஒரு சிறிய ஈரமானியும், ஈரத்தை வாங்கவும் விடவும் செய்யும் இருவழிப் பொட்டலங்களும். சிலிக்கா ஜெல் மட்டும் போட்டால் அது உறிஞ்சிக்கொண்டே போகும், நிறைந்ததும் சும்மா கிடக்கும். மாற்ற மறப்பவர்களுக்கு அது ஊசலாட்டத்தின் இன்னொரு வடிவம். கேமரா வைக்கும் உலர் அலமாரிகளில் 117 செ.மீ. நீளப் பேஸ் நுழையாது. பழைய பெட்டியின் உள்துணியில் பூஞ்சை வாடை இருந்தால் அந்தப் பெட்டியை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும்.

ஈரமானி 55ஐ ஒட்டி நின்ற இரண்டாவது வாரத்தில், நட்டைத் தொடாமலே, வளைவு 0.3க்குத் திரும்பியிருந்தது. டிசம்பர் மழையின் நடுவில் மீண்டும் அளந்தபோதும் 0.3. ஊறவைத்த மூன்று திருகுகளில் இரண்டு கழன்றன. மூன்றாவதின் தலை உடைந்தது. அந்தச் சேடலுக்கு மாற்றாக 1970களின் பழைய சேடல் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார், அசல் ஜிப் பையில் இருக்கிறது.